ராட்வீலருக்கு நம் கொல்லையில் இடமா?

குழு: குடமுருட்டிக் கரை வீடு

பிரபு (சென்னை): அத்தை, ஒரு உதவி. என் நண்பன் எட்டு மாத ராட்வீலர் நாய் வைத்திருக்கிறான். லைசென்ஸ் எடுக்காமலே வளர்த்துவிட்டான். 2025 டிசம்பரிலிருந்து சென்னை மாநகராட்சி பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் புது லைசென்ஸ் தருவதில்லை. மீறினால் ஒரு லட்சம் அபராதம். நம் கொல்லையில் கொஞ்ச நாள் கட்டிப் போடலாமா?

செல்வி அத்தை: கறுப்பா, புருவத்தில் பொட்டு வைத்த மாதிரி இருக்குமே, அதுவா?

பிரபு: அதேதான். தங்கமான குட்டி.

கணேசன் பெரியப்பா: வேண்டவே வேண்டாம். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியது இரண்டு ராட்வீலர்தானே? பட்டணத்துக்கு ஆகாததை ஊருக்கு அனுப்புவானா?

பிரபு: அன்றைக்குக் கயிறும் இல்லை, வாய்க்கூடும் இல்லை பெரியப்பா. வளர்த்தவர் மேல்தான் தப்பு. 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு 2024 மார்ச்சில் அனுப்பிய கடிதத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டன. சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று.

மீனா (ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி): அந்தப் பட்டியலை ஹாஸ்டலில் உட்கார்ந்து படித்துச் சிரித்தோம் அத்தான். ஜப்பான் டோசா இரண்டு இடத்தில் வருகிறது. டெரியர் என்று மொத்தமாக ஒரே சொல். அப்படியே எடுத்துக்கொண்டால் மடியில் தூங்குகிற யார்க்‌ஷயர் டெரியரும் பயங்கர நாய்தான் 😂

பெரியப்பா: ரேஷன் கார்டில் ஒரே ஆள் பேர் இரண்டு தரம் ஏறினால் கடையையே மூடிவிடுவார்களா?

மீனா: அது சரி மாமா 😄 ஆனால் இங்கிலாந்தில் 1991இலேயே நான்கு வகை நாய்களுக்குத் தடை. பிறப்பைப் பார்ப்பதில்லை, உருவத்தைத்தான் பார்க்கிறார்கள். அளவு ஒத்துப்போனால் கலப்பு நாயும் மாட்டிக்கொள்ளும். 2024இல் எக்ஸ்எல் புல்லியும் உள்ளே வந்துவிட்டது. நெதர்லாந்தில் கடி குறையவில்லை என்று 2008இல் பிட்புல் தடையையே எடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா: ராஜபாளையம், கோம்பை என்று நம் நாய்கள் இருக்க, இதெல்லாம் எதற்கு?

மீனா: கோம்பை மட்டும் சாதுவா? அதை யாரும் பட்டியலில் போடவில்லையே.

பெரியப்பா: நம் மணி கடித்தால் ஊசியோடு போகும். அது கடித்தால் சதை போகும்.

அத்தை: மணியை ஏன் இழுக்கிறீர்கள் அண்ணா?

பெரியப்பா: பால்காரர், சிலிண்டர் பையன், என் சம்பந்தி. மூன்று பேர் ஆச்சு.

அத்தை: சம்பந்தி வாலை மிதித்தார்.

மீனா: ஊசியோடு போகும் என்று லேசாகச் சொல்லாதீர்கள் மாமா. வெறிநோய் முற்றிவிட்டால் பிழைக்க வைக்க முடியாது, எந்த நாய் கடித்தாலும் சரி. அம்மா, மணிக்குப் போட்ட ஊசி இந்த மாதத்தோடு ஒரு வருஷம். ஞாபகம் இருக்கா?

அத்தை: அறுவடை முடியட்டும்.

மீனா: நாளைக்கே.

பிரபு: அப்போ மீனா என் பக்கம்தானே?

மீனா: சட்ட விஷயத்தில் உங்கள் பக்கம். கொல்லை விஷயத்தில் பெரிய மாமா பக்கம். வளர்ந்த ஆண் ராட்வீலர் ஐம்பது கிலோ வரும் அத்தான். நம் வேலியைப் பார்த்திருக்கிறீர்களா?

அத்தை: கொல்லைப் படலைக் கட்டுக்கம்பியால்தான் கட்டி வைத்திருக்கிறது. ஆட்டுக்குட்டி முட்டினாலே திறந்துகொள்ளும். சம்பா அறுவடைக்கு மிஷின் இறங்கிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் விடிந்தால் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

பிரபு: வாய்க்கூடு போட்டே வைத்திருந்தால்?

அத்தை: நாள் பூராவுமா? களத்தில் கதிர் மிதிக்கிற பிணையல் மாட்டுக்கே, அடித்து முடிந்ததும் உங்கள் தாத்தா வாய்க்கூட்டைக் கழற்றிவிடுவார். வாயைக் கட்டிப் போட்டுக் காவலுக்கு வைக்க அது என்ன பொம்மையா? பாவம்டா.

பிரபு: விற்றவருக்குப் போன் போட்டால் எடுப்பதே இல்லையாம். விற்கும்போது இது எவ்வளவு பெரிசாகும் என்றுகூடச் சொல்லவில்லை.

மீனா: ரோட்டில் மட்டும் விட்டுவிடப் போகிறான், சொல்லி வையுங்கள். காம்பவுண்ட் சுவரும் பழக்கத் தெரிந்த ஆளும் உள்ள இடமாகத் தேடச் சொல்லுங்கள். நானும் இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

பெரியப்பா: செல்வி, மூட்டைக்காரர்கள் வருவதற்குள் முதலில் உன் மணியைக் கட்டு.

(முக்கால் மணி நேரம் கழித்து)

அத்தை: கட்டியாச்சு. வேறு கயிறு இல்லை, கன்றுக்குட்டிக் கயிற்றை எடுத்துக் கட்டினேன். இப்போது கன்றுக்குட்டி கத்தரிப் பாத்தியில் நிற்கிறது. யாராவது வாருங்கள்.