மை பூசாத விரல்: மட்டக்களப்பு, அம்பாறைத் தேர்தல் நாட்களின் அனுபவங்கள்

மட்டக்களப்பிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

தேர்தல் நாளில் கண்டதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் மூன்று தேர்தல்கள் இருக்கின்றன. நடுவில் வருவதைத்தான் இருபது வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதலாவது, 2004 ஏப்ரல் 2, பொதுத் தேர்தல். வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்: எங்கள் வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, வயலும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. அந்த நேரம் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கே அரசாங்கம் வாக்குச்சாவடி வைக்க முடியாது. அதனால் அந்த ஊர்களின் சாவடிகளை எல்லாம் இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் ஒன்றாகச் சேர்த்து வைத்தார்கள். கொத்தணி வாக்குச்சாவடி என்று பெயர். ஒவ்வொரு வகுப்பறையும் ஒரு கிராமம்.

அந்தத் தேர்தல் நடந்ததே பெரிய விஷயம். அதற்கு முந்திய மாதம்தான் கிழக்கில் புலிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, மார்ச் 30 அன்று, வேட்பாளர் ஒருவர் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். என் வீட்டுக்காரர் தேர்தல் கடமைக்குப் போக வேண்டாம் என்றே சொன்னார். நான் போனேன்.

காலை ஏழு மணிக்கு வாக்களிப்பு. ஆறரைக்கே சனம். உழவு மெசினில் வந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், விடியப்புறம் எழும்பி நடந்தே வந்தவர்கள் என்று வரிசை மதிலைச் சுற்றி வளைந்து நின்றது. வாவியைக் கடந்து, இரண்டு பக்கத்துச் சோதனையையும் கடந்து வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டை பொலித்தீன் பையில் சுற்றி இருந்தது. நான் மை பூசும் மேசையில் இருந்தேன். இடது கைச் சுண்டுவிரலை நீட்டச் சொல்ல வேண்டும், நகமும் தோலும் சேரும் இடத்தில் மை படவேண்டும். அன்று நான் தொட்ட விரல்களில் பாதிக்கு மேல் வயலில் காய்ச்சுப்போன விரல்கள். ஒரு ஆச்சி மை காயும்வரை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "மனே, இது எத்தினை நாளைக்கு நிக்கும்?" என்று கேட்டா. ஒரு கிழமையாவது நிற்கும் என்றேன். "நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனா.

இரண்டாவது, 2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். அதே மாதிரி ஒரு கொத்தணிச் சாவடி, அதே மை மேசை. சனம் இல்லை.

ஏழு மணிக்கு வெறும் பெட்டியைத் திறந்து காட்டி, பூட்டி, முத்திரை வைத்தோம். எட்டாயிற்று, பத்தாயிற்று. புலிகளின் பகுதியிலிருந்து யாரும் வரவில்லை. வரக்கூடாது என்ற சொல் அங்கே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். மேசையில் வாக்காளர் இடாப்பு விரித்தபடி கிடந்தது. பெயருக்கு நேரே கோடு போட வேண்டிய எழுதுவினைஞர் பேனையை மூடி வைத்துவிட்டார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் மாமர நிழலுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில் நாள் முழுக்க இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அமைதி விளங்கும்.

பதினொரு மணி இருக்கும். ஒருவர் வந்தார். நாற்பது வயது மதிக்கலாம், சாரமும் மடித்த சேட்டும். அடையாள அட்டை சரி, இடாப்பில் பெயர் இருந்தது. உரக்க வாசித்தோம். என்னுடைய மேசைக்கு வந்ததும் கையை நீட்டவில்லை.

"மிஸ், மை போடாம வோட்டுப் போடலாமா?"

ஏலாது என்றேன். விரலைக் காட்டாதவருக்கு வாக்குச்சீட்டுக் கொடுக்கக்கூடாது, சட்டம் அப்படி. அவர் தலைமை அலுவலரைப் பார்த்தார். அவரும் தலையை ஆட்டினார். "இதோட நான் அங்கால திரும்பிப் போகேலாது மிஸ்" என்று மெதுவாகச் சொன்னார். கெஞ்சவில்லை. ஏதோ என்னுடைய மாணவன் ஒருவன் கணக்கில் ஓர் இடம் விளங்கவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். ஒரு நிமிடம் நின்றார். பிறகு அட்டையைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, பையை மடித்து, சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சட்டத்தில் பிழை சொல்ல மாட்டேன். மை இல்லாவிட்டால் ஒருவர் பத்துத் தரம் வாக்களிப்பார், கள்ள வோட்டு எங்கள் பக்கம் கேள்விப்படாத ஒன்றல்ல. ஆனால் அந்த மைப் போத்தல் அன்று என் கையில் இருந்தது.

அந்தத் தேர்தலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்தது சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு. வென்றவருக்குக் கிடைத்தது 50.29 வீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 100க்கு 2 பேர்கூட வாக்களிக்கவில்லை, எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர்கூட இல்லை. வந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போடுவதா விடுவதா என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை, அதுதான் எனக்கு நோகிறது. பெட்டியை யாரும் களவெடுக்கவில்லை, யாரும் உடைக்கவில்லை. ஆனாலும் அது வெறுமையாகப் போனது. அடுத்த மாதம், நத்தார் நள்ளிரவுப் பூசையில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள் வைத்து எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை இங்கே எழுதத் தேவையில்லை.

மூன்றாவது, 2015 ஜனவரி 8, ஜனாதிபதித் தேர்தல். இந்தத் தடவை நான் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர், இடம் படுவான்கரையிலேயே ஒரு பாடசாலை. மார்கழி வெள்ளம் வடிந்து சேறாகக் கிடந்த நேரம். முதல் நாள் பின்னேரமே பெட்டியோடு போய் அங்கேயே படுத்தோம். இரவுக்குக் கிராம சேவகர் சோறும் மீன் குழம்பும் ஒழுங்கு செய்து தந்தார். கட்சிக்காரர் கொண்டுவரும் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பு.

மறுநாள் மத்தியானம் சீருடையில் ஓர் இராணுவ அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் துப்பாக்கியோடு இருவர் படியில் நின்றார்கள். இதுவரை எத்தனை வாக்கு விழுந்திருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். போன கிழமைவரை கிராமத்தில் எது நடந்தாலும் அவரிடம் கேட்டுத்தான் நடக்கும் என்ற நிலை. எனக்கு நெஞ்சு இடித்தது. தேர்தல் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது: வாக்குச்சாவடிக்குள் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு தலைமை அலுவலருடையது. கடமையில் இருக்கும் பொலிஸ்காரரும் அதற்கு அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: கணக்கு தெரிவத்தாட்சி அலுவலருக்குத்தான் போகும், நீங்கள் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், கேளுங்கள், இங்கே நிற்க வேண்டாம். அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "ஹரி மிஸ்", சரி மிஸ் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவ்வளவுதான் நடந்தது. வரிசை திரும்ப நகர்ந்தது. நாலு மணிக்குப் பெட்டியை மூடி, பொலிஸ் பாதுகாப்போடு இந்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். எங்கள் மாவட்டத்தில் 100க்கு 80 பேருக்கு மேல் ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் விடியும்போது, ஒன்பது வருடத்துக்கு மேல் ஆட்சியில் இருந்த ஜனாதிபதி தோல்வியை ஏற்று அலரி மாளிகையை விட்டு வெளியேறினார் என்று வானொலி சொன்னது. படைகளுக்கெல்லாம் தளபதியாக இருந்தவர், புள்ளடி எண்ணிய காகிதத்தைப் பார்த்து இறங்கிப் போனார். அன்று காலை எனக்கு அந்த 2005ஆம் ஆண்டு மனிதரின் ஞாபகம்தான் வந்தது.

*

செங்கலடியிலிருந்து, கடை வைத்திருப்பவர்:

ரீச்சர், கறுத்தப் பாலத்துச் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

எங்கள் வீட்டில் நாடாளுமன்றம் என்றால் ஒரே ஒரு விஷயம், அவசரகாலச் சட்ட வாக்கெடுப்பு. 2005 ஆகஸ்டில் வெளிவிவகார அமைச்சர் கொல்லப்பட்ட பிறகு அது திரும்ப வந்தது. பிரகடனம் ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். அதனால் ஒவ்வொரு மாதமும் நாடாளுமன்றத்தில் விவாதித்து, வாக்கெடுத்து நீடிக்க வேண்டும். 2007இல் என் அண்ணனை அந்தச் சட்டத்தின் கீழ்ப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு நாள் இரவு, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வானொலிக்கு முன்னால் வந்து இருப்பா. எங்கள் பக்க உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களிப்பார்கள். சட்டம் நிறைவேறும். "இந்த மாசமும் போச்சு" என்பா. நான் தொலைக்காட்சியில் சபையைப் பார்க்கும் முன்னமே, அங்கே கை உயர்த்தினால் இங்கே ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அண்ணன் 2009 கடைசியில் வந்தார். 2011 ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருந்தது. அதற்கு மாதா மாதம் வாக்கெடுப்பும் இல்லை. அதைத்தான் அண்ணன் பெரிய குறையாகச் சொல்வார். அவசரகாலச் சட்டத்துக்காவது மாதத்தில் ஒரு நாள் யாரோ ஒருவர் எழும்பி "இது பிழை" என்று சொல்வது பதிவாகும்.

*

திருக்கோவிலிலிருந்து:

அம்பாறைக் கதை வேறு. எங்களுடையது திகாமடுல்லத் தேர்தல் மாவட்டம், ஏழு ஆசனம். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூவரும் இருக்கிறோம். அதில் நாங்கள்தான் குறைவு.

2020 பொதுத் தேர்தல் வாக்கு எண்ணிய ஓகஸ்ட் 6 இரவு நான் அம்பாறை ஹாடி வாக்கெண்ணும் நிலையத்துக்கு வெளியே கட்சி முகவர்களோடு நின்றேன். அந்தத் தடவை தமிழ் வாக்கு இரண்டாகப் பிரிந்தது: ஒன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, மற்றது 2004இல் புலிகளிலிருந்து பிரிந்த கருணா அம்மானின் பக்கம். சேர்த்தால் 50 ஆயிரத்தைத் தாண்டும். தனித்தனியே எடுத்தால் எதற்கும் ஆசனம் இல்லை. 38 ஆயிரத்துச் சொச்சம் எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது.

கணக்கு இதுதான். மாவட்டத்தில் கூட எடுத்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்களைத் தள்ளிவிடுவார்கள். மிச்ச ஆறையும் விகிதத்தில் பிரிப்பார்கள், கடைசியாக மிஞ்சுவது பெரிய மீதிக்குப் போகும். எங்கள் இரண்டு பக்கமும் அந்த மீதிக்குத்தான் மோதின, இரண்டுக்கும் எட்டவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர், "அப்ப காணிப் பிரச்சினைக்கு இனி யாரிட்ட போறது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2024 நவம்பரில் தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தபோது முதலில் அவருக்குத்தான் அறிவித்தேன்.

*

காத்தான்குடியிலிருந்து:

நான் எழுதுவது 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல். ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஏழு மாதம் கழியவில்லை. சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகளை நினைத்து எங்கள் வீட்டிலும் அழுதோம். முஸ்லிம்களான நாங்கள் அதை வெளியே சொன்னால் நம்ப ஆள் இல்லாத நாட்கள் அவை. போகும் இடமெல்லாம் பையைத் திற, அட்டையைக் காட்டு. உம்மா வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்தியிருந்தா.

அன்று உம்மாவைக் கூட்டிக்கொண்டு வாக்களிக்கப் போனேன். சந்தியில் நின்ற சிப்பாய் மறித்தான், எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். உம்மா பேசவில்லை, வாக்காளர் அட்டையை நீட்டினா. அவன் பார்த்துவிட்டு, வீதியில் வந்த பஸ்ஸை நிறுத்தி, உம்மாவைக் கடக்க விட்டான். சாவடிக்குள் இருந்த தமிழ் மிஸ் முகத்தைப் பார்த்து அட்டையோடு ஒப்பிட்டு, இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசித்தா. எல்லா முகவர்களுக்கும் கேட்டது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு உம்மாவின் பெயரை அந்நிய ஆள் ஒருவர் சந்தேகமில்லாமல் சொன்னது அன்றுதான். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் அதைத்தான் முதலில் சொன்னா, யாருக்குப் போட்டா என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

*

வவுணதீவிலிருந்து:

ரீச்சர், 2005இல் மை பூசாமல் திரும்பிப் போன அந்த மனிதர் பிறகு வந்தாரா? 2015இல் நீங்கள் நின்றது அவருடைய ஊரா?

*

ஓய்வுபெற்ற ஆசிரியை:

இல்லை மகன், வேறு ஊர். நான் அவருடைய பெயரை மறக்கவில்லை, இங்கே எழுத மாட்டேன். 2007இல் படுவான்கரையில் சண்டை நடந்தபோது சனம் முழுவதும் இந்தப் பக்கம் இடம்பெயர்ந்து வந்தது. அகதி முகாமாக இருந்த பாடசாலைகளில் நான் பதிவு எடுத்தேன். ஒவ்வொரு முகாமிலும் அந்தப் பெயரைத் தேடினேன். ஒரு முகாமில் அவருடைய மனைவியின் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருந்தன. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதியிருந்தார்கள். நான் போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.