அம்மம்மா வளவுக் குழு: தேருக்குப் போற கதை

சாந்தி அக்கா (கனடா): டிக்கெட் போட்டாச்சு. மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் தேருக்கு நிப்பம். 1990ல வெளிக்கிட்ட பிறகு அம்மம்மாட வளவை நான் இன்னும் பார்க்கல்ல. மண்முனைத் துறையில, ஆளையும் வண்டியையும் ஆத்தால ஏத்திக் கடத்துற மிதவைப் பாதை ஏறித்தான் போகணும், இப்பவே சொல்லிட்டன்

கேதீஸ்: அங்க பாதை இல்ல அக்கா. பாலம்

பிரியா: 2014லயே வந்திட்டு 😀

மாமா: சாந்தி மகள், 2014 சித்திரையில திறந்த பாலம். ஆரையம்பதி தாண்டி மேற்கால கிறுகினா அந்தக் கரை. முந்தி பாதைக்காகக் காத்து நிண்டே வெயில் ஏறிடும். மாட்டுவண்டி, சைக்கிள், நெல்லு மூட்டை, ஆக்கள் எல்லாம் ஒரே பலகையில. உங்கட அம்மா கலியாணம் முடிச்சு கடற்கரைப் பக்கம் கல்லடிக்குப் போனதும் அதிலதான். பாதைதான் வேணும் எண்டா குருக்கள்மடத்தால ஏறி அம்பிளாந்துறையில இறங்கலாம். சுத்துத்தான். ஆனா ஆத்துக் காத்துப் படும்

கேதீஸ்: சுத்துக்கு வேன்காரன் கூடக் கேப்பான்

சாந்தி அக்கா: மகன் கேக்கான், கல்லு நந்தி புல்லுத் திண்டது உண்மையா எண்டு

மாமா: திண்டதுதான். கோயிலை இடிக்கப் போர்த்துக்கீசப் பறங்கி வந்த நேரம், உங்கட கல்லு மாடு புல்லுத் திங்குமா எண்டு கேட்டான். எழும்பித் திண்டு சாணியும் போட்டது. வந்தவன் திரும்பிட்டான்

பிரியா: சாப்பாடு ஆர் வீட்ட?

சின்னம்மா: இதென்ன கேள்வி, நம்மட வீட்டதான். தீர்த்தம் முடியும் வரைக்கும் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் இல்ல. மறுகா ஆத்து இறால்

சாந்தி அக்கா: சின்னம்மா, அம்மம்மாட உரல் இரிக்கா?

கேதீஸ்: எத்தின பேர் வாறீங்க அக்கா?

சாந்தி அக்கா: ஆறு. உரல்?

சாந்தி அக்கா: 1978 நவம்பர் 23 சூறாவளி. எனக்கு ஆறு வயசு. ஓடு பறக்குது, கதவு உள்ளுக்குத் தள்ளுது. அம்மம்மா உரலை உருட்டிக் கொண்டு வந்து முட்டுக் குடுத்தா. விடியும் வரைக்கும் அதிலதான் முதுகைச் சாய்ச்சிருந்தன். அந்தத் தவிட்டு மணம் இப்பவும் மூக்கில நிக்குது

சின்னம்மா: நான் வித்துப்போட்டன் எண்டுதானே அங்க கதை. எனக்கும் காதில விழுந்தது

சாந்தி அக்கா: நான் அப்பிடிச் சொல்லல்ல

சின்னம்மா: வீட்டை எனக்குச் சீதனமாத் தந்த நாள்ல இருந்து இதுதான்

மாமா: ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க. உரலை 2003ல உழவு மெசினில ஏத்தி, பாதையில கல்லடிக்குக் கொண்டு போனது நான். உங்கட அம்மாதான் கேட்டா மகள், பொங்கலுக்கு மா இடிக்கணும் எண்டு. குசினிக்குப் பின்னால முருங்கைக்குக் கீழ கிடந்தது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தது. நான் போய்ப் பார்க்கக்குள்ள அத்திவாரம் மட்டும்தான். மரம்தானே, எங்க மிதந்து போச்சோ. அக்கா உயிரோட கிடைச்சிட்டா எண்டு அழுது கொண்டு நிண்ட நேரம், உரலை ஆர் நினைச்ச?

சாந்தி அக்கா: அம்மா ஒரு நாளும் சொல்லல்லயே

சாந்தி அக்கா: சின்னம்மா, பிழை எனக்கு. குறை நினைக்காதீங்க

கேதீஸ்: வேன் பத்துப் பேருக்கா பதினாலு பேருக்கா?

பிரியா: ஒள்ளுப்பம் பொறு அண்ணா

சின்னம்மா: 📷 படம்

சின்னம்மா: உலக்கை இரிக்கு கா. முகட்டில செருகி வச்சிரிக்கன். அம்மா பிடிச்ச இடம் தேஞ்சு வழுவழு எண்டு கிடக்கு, பெருசாக்கிப் பார். பூண் இன்னும் கழரல்ல

சாந்தி அக்கா: 😭

சாந்தி அக்கா: அதை இறக்க வேணாம் சின்னம்மா. நான் வந்து இறக்குறன்

மாமா: அப்ப பாதையாலயா, பாலத்தாலயா?

சாந்தி அக்கா: போகக்குள்ள பாதை

கேதீஸ்: வேன்காரனைக் கேட்டுச் சொல்றன்

சின்னம்மா: இறால் எத்தின கிலோ எண்டு ஆராவது சொல்லுங்க