துப்பாக்கியை உறையில் செருகும்போது விரல் விசைக்குப் போகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் புதியவர்களின் பயிற்சிக்குத் துணைநிற்கிறேன். ஜனவரியில் சேர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த உறுப்பினர் ஒருவர், கிளாக் 17 கைத்துப்பாக்கியால் சுட்டு முடித்து அதை இடுப்பு உறையில் செருகும்போது, ஆள்காட்டி விரலைத் தம்மை அறியாமலே சுடும் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் மடக்கிவிடுகிறார். உறையின் விளிம்பு அந்த விரலைத் தள்ளினால் விசை அழுந்திவிடும். கையால் போடும் பூட்டு இந்தத் துப்பாக்கியில் கிடையாது, தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் மிஞ்சிய தோட்டா வெடிக்கும் என்பதால் பெரிதும் கவலைப்படுகிறேன்.

வெளியே எடுக்கும்போது விரல் பக்கவாட்டில் நேராகவே இருக்கிறது. களைத்தபின், கண் உறையைத் தேடும் நொடியில்தான் மடங்குகிறது. மிகவும் பொறுப்பான மனிதர் என்பதால் அவரை விலக்கவும் மனமில்லை.

விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையைக் கொடுத்தோம். செருகுமுன் நிறுத்தி விரலைப் பார்க்கச் சொன்னோம். இப்போது போலித் தோட்டாக்களோடு மட்டுமே பழக விடுகிறோம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளையும் கட்டுப்படுத்துவதால், வீட்டில் பழக ஒன்றை வாங்கித் தரவும் இயலவில்லை.

கையில் துப்பாக்கி இல்லாமல் வீட்டிலேயே செய்து இந்தப் பழக்கத்தை மாற்றக்கூடிய பயிற்சி எது?