கலாம் பேப்பர் விற்றாரா? பிள்ளைகளுக்கு எதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம்?

கரும்பலகை:
தம்பி தென்றல்வாசி நேற்று இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பு வழியாக நிஜ வாழ்க்கை முன்மாதிரிகளைக் கண்டுபிடிக்க உதவ வேண்டுமாம். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் வரியிலேயே 'வறுமையில் வாடித் தெருத்தெருவாகப் பேப்பர் விற்ற சிறுவன் ஜனாதிபதி ஆனான்' என்று எழுதியிருக்கிறார். அத்தனை பேரும் கைதட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள், ஒருவர்கூட 1999-ல் வந்த கலாமின் சுயசரிதையான 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள், பேப்பர் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசினார்கள். பேப்பர் முகவராக இருந்தவர் கலாமின் உறவுக்கார அண்ணன் சம்சுதீன். அந்தக் கட்டுகளைப் பிடிக்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, கலாம் போனார், முதல் சம்பளம் வாங்கினார். கட்டு பிடித்தார். விற்கவில்லை.

தென்றல்வாசி:
சார், 2013-ல் வந்த இன்னொரு நூலில் கலாமே எழுதியிருக்கிறார். எட்டு வயதில் விடியற்காலையில் எழுந்து, கணக்கு வகுப்புக்குப் போய்விட்டு, ரயில் கட்டுகளை எடுத்துப் பிரித்து, ஊர் முழுக்க வீடு வீடாகப் பேப்பர் போட்டதாக. நீங்கள் 1999 புத்தகத்தோடு நின்றுவிட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு இல்லை.

கரும்பலகை:
போட்டார் என்றுதானே அதிலும் இருக்கிறது? விற்றார் என்று எங்கே இருக்கிறது? போடுவது வேறு, விற்பது வேறு. பிள்ளைக்குச் சொல்லும்போது சொல் சரியாக இருக்க வேண்டும். 26 வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன்.

தென்றல்வாசி:
இப்போது 'போட்டார்' வரை வந்துவிட்டீர்கள். காலையில் வெறும் 'கட்டு பிடித்தார்' மட்டும்தானே? சந்தோஷம்.

கரும்பலகை:
நான் எங்கேயும் வரவில்லை. கட்டு பிடித்தார். அதுதான் அந்தக் கதையின் உயிர். ஓடும் ரயில், பறந்து வரும் கட்டு, குறிபார்த்து நிற்கும் ஒரு பையன்! இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சுப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். இதை விட்டுவிட்டு 'வறுமையில் வாடினான்' என்று அழுது வடிந்து சொன்னால் எவன் கேட்பான்? அந்த வறுமையும் பொய். பள்ளிவாசல் தெருவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பெரிய பரம்பரை வீடு அவர்களுடையது. தேவையானது இருந்தது, ஆடம்பரம் இல்லை.

பாம்பன்கரை:
பரம்பரை வீடு இருந்தால் வறுமை இல்லையா? என் தாத்தாவுக்கும் பெரிய வீடு இருந்தது. மழைக்கு உள்ளே குடை பிடித்துத்தான் சாப்பிட்டோம். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் கலாம் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார், அதுவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் உங்கள் கண்ணில் படவில்லையா ஐயா?

கரும்பலகை:
பட்டது. அடகு வைக்க நகை இருந்தது என்பதும் பட்டது.

பாம்பன்கரை:
இதைவிடக் கேவலமாக யாரும் பேச முடியாது. ஒரு பெண் கழற்றிக் கொடுத்த நகையைப் பற்றி இப்படியா பேசுவது? இதற்கு மேல் இவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

மேகலா_மதுரை:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். என் மகளுக்குப் பத்து வயது, இந்தக் கதையைப் போன மாதம் வாசித்தோம். முடித்ததும் 'உனக்கு யார் மாதிரி ஆகணும்' என்று கேட்டேன். கலாம் என்பாள் என்றுதான் நினைத்தேன். 'ஜோஹரா அக்கா மாதிரி' என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. முன்மாதிரியை நாம் எடுத்து நீட்டக் கூடாது, புத்தகத்தில் வரும் அத்தனை பேரையும் விட்டுவிட்டால் பிள்ளை தானே ஒருவரைப் பிடித்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்று ஒருவர் வருகிறாரே, வீட்டில் நிறையப் புத்தகம் வைத்திருந்து சிறுவன் கலாமுக்குப் படிக்கக் கொடுத்தவர். அவரைப் பற்றி இன்னும் சொல்லு என்கிறாள். தனியாக ஏதாவது நூல் இருக்கிறதா?

தென்றல்வாசி:
அருமை மேடம். என் பதிவின் நோக்கமே இதுதான். 'விற்ற' என்ற ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குபவர்களுக்கு இது புரியாது.

கரும்பலகை:
ஒரு சொல்தான் தம்பி. அந்த ஒரு சொல்லைத்தான் பிள்ளை பேச்சுப்போட்டி மேடையில் போய்ச் சொல்லும், நடுவர் சிரிப்பார். கட்டு பிடித்தார் என்று திருத்துங்கள், நான் போய்விடுகிறேன்.

கணக்குப்புலி:
திருத்தத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? போன வருடம் ராமானுஜன் இழையில் 'கணக்கில் தோற்றவர் கணித மேதை ஆனார்' என்று எழுதியது யார்? கும்பகோணம் கல்லூரியில் அவருடைய உதவித்தொகை போனது ஆங்கிலத்தில் தேறாததால். கணக்கில் அவர் தோற்கவே இல்லை. நான் மூன்று முறை சொல்லியும் நீங்கள் மாற்றவில்லை. நான் மறக்கவில்லை.

கரும்பலகை:
'கல்லூரித் தேர்வில் தோற்றவர்' என்றுதான் எழுதினேன்.

கணக்குப்புலி:
'கணக்கில்'. படம் எடுத்து வைத்திருக்கிறேன், போடவா? அதுவும் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் என்று நான் எழுதியதற்கு 'இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு' என்றீர்கள். இன்று பேப்பர் கட்டு மட்டும் எதற்கு?

கரும்பலகை:
போடுங்கள், எனக்குப் பயமில்லை. ஆனால் இது கலாம் இழை, பேச்சை மாற்றாதீர்கள்.

சேலத்துக்காரி:
ஏன் எப்போதும் மறைந்தவர்களே? மாரியப்பன் தங்கவேலு சேலம் பக்கம் பெரியவடகம்பட்டிக்காரர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார், நம் கண் முன்னால் இருக்கிறார். முத்துலட்சுமி ரெட்டியும் வேண்டும். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர், தங்கை புற்றுநோயில் இறந்த துக்கம் அதன் பின்னால் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் எத்தனை நாள் பேப்பரையே பேசுவீர்கள்?

கரும்பலகை:
நல்ல பெயர்கள், தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். விற்றாரா, பிடித்தாரா?

தென்றல்வாசி:
பிடித்தார், பிரித்தார், போட்டார். பேப்பருக்குக் காசும் வாங்கியிருப்பார், வாங்கினால் அது விற்பதுதான். பதிவை மாற்ற மாட்டேன்.

கரும்பலகை:
'வாங்கியிருப்பார்'! இருப்பாராம்! பார்த்தீர்களா, ஊகத்தில் வரலாறு எழுதுகிறார். இவர் பிள்ளைகளுக்கு முன்மாதிரி காட்டப் போகிறார். நாளைக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

தென்றல்வாசி:
இரண்டு புத்தகத்தையும் எடுத்துப் போடுங்கள். ஒன்றை ஒளித்து வைக்காதீர்கள்.

மேகலா_மதுரை:
மாணிக்கம் பற்றிக் கேட்டிருந்தேனே, இரண்டாவது முறை கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போகிறோம், மாணிக்கத்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு மகள் காத்திருக்கிறாள்.

கரும்பலகை:
அது அப்புறம் அம்மா. முதலில் 'விற்ற' என்ற சொல்லை அவரை எடுக்கச் சொல்லுங்கள்.