மறு: ட்ரிம் ஸ்பீடு கன்ட்ரோலருக்குத் தமிழ்ச் சொல்

> ட்ரிம் என்பதற்குச் 'சமன்' என்று வைத்துக்கொண்டு, 'மின் சமன் வேகக் கட்டுப்படுத்தி' என்று சொன்னால் போதாதா?

வணக்கம் ஐயா. போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. நாம் பெயர் தேடுவது, சிறு விமானத்தின் வாலில் ட்ரிம் தகட்டைத் திருப்பும் மின்மோட்டாரின் ஓட்டத்தைக் குறைக்கிற பெட்டிக்கு.

முதலில் 'சமன்'. வீட்டில் விமானம் கட்டுகிறவர் எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) முனையில் ஈயக்கட்டி வைத்து அதன் எடையைச் சமன் செய்கிறார். அது வேறு வேலை. அந்த எடை சரியாக இல்லாவிட்டால் அதிவேகத்தில் எலிவேட்டர் படபடத்துப் பிய்ந்துகூடப் போகலாம். ட்ரிம் அப்படியில்லை, விமானி கையை எடுத்தாலும் ஸ்டிக் (ஓட்டும் பிடி) அதே இடத்தில் நிற்கச் செய்வது. ஒரே வால்பகுதியில் இரண்டுக்கும் 'சமன்' என்றால் குழப்பம்தான். 'இசைவு' என்று வைக்கலாம். அதற்காக எலிவேட்டரின் பின்விளிம்பில் இருக்கும் சின்னத் தகடு 'இசைவிதழ்'. (இசைப் பத்திரிகை என்று யாராவது சந்தா கேட்டால் நான் பொறுப்பில்லை.)

அடுத்து 'வேகம்'. இங்கேதான் பெரிய சிக்கல். தகட்டின் மேல் காற்று தரும் விசை, விமான வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 70 நாட் (knot) வேகத்தில் இறங்க வரும்போது தகட்டைக் கொஞ்சம் திருப்பினால் கிடைக்கும் விசை, 140 நாட் வேகத்தில் அதே திருப்பத்துக்கு 4 மடங்கு. இறங்கும்போது ஃபிளாப் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) போட்டதும் மூக்கின் போக்கு மாறும், அப்போது மோட்டார் மளமளவென்று ஓட வேண்டும். பயணத்தில் அதே ஓட்டம் ஓடினால் பொத்தானைத் தொட்டு எடுப்பதற்குள் மூக்கு மேலே போய்விடும். எதிர்ப்பக்கம் அழுத்தினால் கீழே. இதைத் தடுக்கத்தான் இந்தப் பெட்டி. பொத்தான் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடினால், ஃபியூஸை இழுக்கக் கொஞ்சம் அவகாசமும் தரும். 'விமான வேகம் கூடும்போது ட்ரிம் வேகத்தைக் குறை' என்று கையேட்டில் எழுதினால் எந்த வேகம் எது என்று தேட வேண்டியிருக்கும். ஆகவே விமானத்துக்கு 'வேகம்', இசைவிதழுக்கு 'வீதம்'. பெட்டியின் குமிழுக்குக் கீழே 'இசைவு வீதம்' என்று ஒட்டினால் இடமும் போதும்.

> சரி, வீதம் ஏற்புடையது. ஆனால் 'கட்டுப்படுத்தி' நீளம். இது ஓட்டத்தைக் குறைக்குமே தவிர, பேட்டரி தருவதற்கு மேல் கூட்டாது. 'குறைப்பி' என்று வைத்தால்?

இது என் சொல்லைவிட நன்றாக இருக்கிறது. 'இசைவு வீதக் குறைப்பி' என்றே வைத்துக்கொள்வோம். எல்லாக் குறைப்பியும் ஒன்றல்ல என்பதை மட்டும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். மோட்டாருக்கு வரிசையில் ஒரு மின்தடையைப் போட்டாலும் ஓட்டம் குறையும். ஆனால் மோட்டார் கிளம்பும்போதும் சுமை ஏறும்போதும் அதிக மின்னோட்டம் இழுக்கும். தடையில் மின்னழுத்தம் அப்போதுதான் மேலும் விழும். விசை தேவைப்படும் நேரத்தில் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். துடிப்பு அகலத்தை மாற்றுகிற வகை (PWM), முழு மின்னழுத்தத்தையே துண்டு துண்டாகக் கொடுக்கிறது, அதனால் மெதுவாக ஓடும்போதும் இழுப்பு இருக்கும். அதன் குறை ரேடியோவில் கேட்கும் இரைச்சல்.

இதற்கு 'துடிப்பு வீதக் குறைப்பி' என்று பெயர் வைக்க ஆசைதான், படிக்கிறவர் இதயநோய் மாத்திரை என்று நினைப்பார். 'துடிப்பகலக் குறைப்பி' இருக்கட்டும்.

அப்புறம் வரைபடம். பலரும் போடுகிற ரே ஆலன் நிறுவனத்தின் சர்வோவில் (இசைவிதழைத் திருப்பும் மோட்டார் பொதி) ஐந்து கம்பிகள்: வெள்ளை இரண்டும் மோட்டாருக்கு, மற்ற மூன்றும் இசைவிதழ் எங்கே நிற்கிறது என்று காட்டுவதற்கு. பொத்தானை அந்தப் பக்கம் அழுத்தினால் வெள்ளைக் கம்பிகளின் துருவம் புரளும். சாதாரணக் குறைப்பி துருவப் புரட்டைத் தாங்காது. அதனால் பொத்தானுக்கு முன்னாலேயே, மின் வரத்துப் பக்கம் வைக்க வேண்டும். இரண்டு ஸ்டிக்கிலும் பொத்தான் வைப்பதற்காக ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டிருந்தால், குறைத்த மின்சாரம் மோட்டாருக்குப் போகும் தொடுமுனைக்கு மட்டும். ரிலேயின் சுருளுக்கு முழு 12 வோல்ட் வேண்டும், இல்லையேல் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன, பிரித்துப் போட்டு அனுப்புங்கள் ஐயா.