கோட் வார்னா: துணி அலமாரிப் பாடத்துக்குச் சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர், சுங்கை சிப்புட், மலேசியா:

குழுவினருக்கு வணக்கம். நம் ஊர் மாலைநேரத் தச்சு வகுப்புக்கான மலாய்க் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. துணி அலமாரியில் நிறத்தைப் பயன்படுத்தும் பாடத்தில் 'கோட் வார்னா' என்ற ஒரே தொடர் இரண்டு வேலைகளுக்கு வருகிறது. தொங்கும் துணிகளை வெளிரிலிருந்து அடர்நிறத்துக்கு அடுக்குவது ஒன்று. யாருடைய தட்டு எது என்று தெரிய ஆளுக்கொரு நிறப்பட்டை ஒட்டுவது மற்றொன்று. இரண்டுக்கும் 'நிறக்குறியீடு' சரிவருமா?

தச்சர், சுங்கை சிப்புட்:

வராது தம்பி. பட்டை ஒட்டுவது அலமாரி செய்யும்போதே தீரும் வேலை. தட்டின் முன்விளிம்பில் 2 சென்டிமீட்டர் அகலப் பட்டை போதும். பெட்டி மூடியில் ஒட்டினால் மூடி இடம் மாறும், அடையாளமும் மாறிப்போகும். நான்கைந்து நிறத்துக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் உண்டு. அதனால் நீலம், மஞ்சளில் தொடங்கி, பட்டையில் வட்டமோ கோடோ சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுக்குவது துணிக்காரர் வேலை. ஆனால் கம்பி உயரத்தை அதுதான் முடிவு செய்கிறது. சட்டைக்கு 1 மீட்டர் போதும், நீள உடைக்கு 1.5 மீட்டர் வேண்டும். நிறத்தை முதலில் பார்த்து அடுக்கினால் சிவப்புச் சட்டையும் சிவப்பு நீள உடையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், இரட்டைக் கம்பி போட வழியில்லை. முதலில் வகை, பிறகு நீளம், கடைசியில்தான் நிறம். கையேட்டில் இந்த வரிசை தலைகீழாக இருந்தால் திருத்திவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோல கங்சார்:

அன்பர்களே, இரண்டு கருத்துக்கும் இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. ஆளுக்கொரு நிறம் என்று முறையே பொருத்துவது நிரல்நிறை. பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரியவற்றை இன்னொரு வரிசையிலும் நிறுத்திப் பொருள் கொள்வதைப் பள்ளியில் எல்லாரும் படித்திருக்கிறோம். 'நிறநிரல்' என்றாலே போதும்.

அடுக்குவதற்குக் 'குருநிரை' என்று வையுங்கள். "குருவும் கெழுவும் நிறனாகும்மே" என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. குருதியிலும் குருமணியிலும் நிற்பது அந்தக் குருதான் என்பது என் துணிபு. நிறத்தின் செறிவுக்குக் 'கெழுமை' என்று கொண்டால், நிறத்தை அளக்க 1905இல் அமெரிக்க ஓவியர் மன்செல் பிரித்த மூன்று அளவுகளில் ஒன்றுக்குத் தொல்காப்பியச் சொல்லே கிடைத்துவிடுகிறது. 'சாயல்' மட்டும் வேண்டாம், "சாயல் மென்மை" என்பதும் உரியியல்தான். வண்ணமும் வேண்டாம். செய்யுளியலில் அது ஓசை, மலாய் வார்னாவோ வடமொழி வர்ணம். நிறமே நம் சொல். அதற்கு மார்பு என்ற பொருளும் உண்டு, புண்பட்ட நிறம் என்று புறப்பாட்டில்...

உள்வடிவமைப்பாளர், ஈப்போ:

ஐயா, மன்னிக்க வேண்டும். 'குருநிரை' என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆசிரியர் வரிசை என்றோ குருப்பெயர்ச்சி என்றோதான் படிப்பார்கள். 'நிரல்' கணினிக்காரர்களிடம் போய்விட்டது. வகுப்பில் இருப்பவர் கையில் இழைப்புளி இருக்கும், அகராதி இருக்காது. 'நிறக்குறி', 'நிறவரிசை' போதும்.

சொல்லைவிட ஒளி முக்கியம் என்பதையும் பாடத்தில் சேருங்கள். கருநீலமும் கறுப்பும் மஞ்சள் விளக்கில் ஒன்றாகத்தான் தெரியும். 4000 கெல்வின் வெண்ணொளி தருவதும், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்லும் நிறங்காட்டும் எண் (CRI) 90க்கு மேல் உள்ளதுமான எல்இடி பட்டை வாங்க வேண்டும். அதை மேல்பலகையின் பின்பக்கம் பொருத்தினால் துணியின் முன்பக்கம் நிழலில் விழும். முன்சட்டத்தின் உள்பக்கம், துணியைப் பார்த்தபடி பொருத்துங்கள். உள்ளே வெள்ளை அல்லது வெளிர் பாலாடை நிற மெலமைன் பூச்சுப் பலகை, மினுக்கம் இல்லாதது. மினுக்கப் பலகையில் எல்இடி கோடாகத் தெரிந்து கண்ணைக் கூசும்.

தச்சர்:

இதை அழுத்திச் சொல்லுங்கள். பலர் உள்ளேயும் வால்நட் மரத்தின் கரும்பழுப்பு நிறம் கேட்கிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால் இருண்ட பலகையில் துணிக்கு ஏறும்வரை தெரியாது. வெள்ளையில் சாம்பல் புள்ளியாக இருக்கும்போதே கண்ணில் படும், துடைத்துவிடலாம். சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டின் பின்விளிம்புக்கும் விளிம்புப் பட்டை ஒட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விளிம்புதானே என்று விட்டால் ஈரம் அங்கேதான் ஏறும், பலகை உப்பும்.

தமிழாசிரியர்:

எளிமை என்ற பெயரில் எதையும் ஏற்கலாகாது. 'அலமாரி' போர்த்துகீசியச் சொல். 'நிலைப்பேழை' எங்கே போயிற்று? கையேட்டில் 'லாச்சி' என்றும் கண்டேன். அது டச்சுச் சொல். 'இழுப்பறை' என்று திருத்துங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, லாச்சி யாழ்ப்பாணத்திலும் வழங்குகிறது. சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளியின் பெயரே மகாத்மா காந்தி கலாசாலை. வேர் வடமொழி என்பதால் ஊரார் யாரும் அதை மாற்றச் சொல்வதில்லை. அதே ஊர்க்காரர்கள் எண்ணெய்ப்பனையைச் 'செம்பனை' என்கிறார்கள், வாட்ஸ்அப்பைப் 'புலனம்' என்கிறார்கள். புதுச்சொல்லுக்கு இங்கே எதிர்ப்பே இல்லை, கேட்டவுடன் பொருள் பிடிபட வேண்டும், அவ்வளவுதான். லாச்சி இருக்கட்டும்.

சேலைக்கடைக்காரர், ஈப்போ:

நிறவரிசைக்கு என் வாக்கு. அழகுக்காக மட்டும் அல்ல. ஈரக்காற்றில் சாயம் பக்கத்துத் துணிக்கு ஒட்டும். சிவப்புப் பருத்திக்குப் பக்கத்தில் வெள்ளைப் பட்டு தொங்கினால் பட்டு போயிற்று. வெளிரிலிருந்து அடர்நிறத்துக்கு வைத்தால் பக்கத்துத் துணி அதே சாயலில் இருக்கும், லேசாக ஒட்டினாலும் தெரியாது. ஜரிகைச் சேலையைச் சாயமிடாத பருத்தித் துணியில் சுற்றுங்கள், வண்ணத்தாள் கூடவே கூடாது. பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது.

சேலைக்கு உடல்நிறத்தைப் பாருங்கள், கரையைப் பார்க்காதீர்கள். ஒரு சிக்கல் இருக்கிறது: மயில்கழுத்து. பாவு என்ற நீள நூல் ஒரு நிறம், ஊடை என்ற குறுக்கு நூல் ஒரு நிறம். ஒரு பக்கம் பார்த்தால் நீலம், திருப்பினால் பச்சை. வரிசையில் எங்கே வைப்பது? மடிப்பு விளிம்பில் தெரியும் நிறத்தை வைத்து முடிவு செய்யலாம் என்பது என் கருத்து. இப்படி இரண்டு நிறம் காட்டும் துணிக்கும் ஒரு சொல் வேண்டும் தம்பி.

தமிழாசிரியர்:

'இருகுரு'.

உள்வடிவமைப்பாளர்:

ஐயா, மறுபடியும் குருவா? 'இருநிறநெய்வு' என்போம்.

சேலைக்கடைக்காரர்:

நெசவாளரும் வாங்குபவரும் மயில்கழுத்து என்கிறார்கள். ஆனால் அரக்கும் பச்சையும் கலந்து நெய்ததை மயில்கழுத்து என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் பொதுச்சொல் கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி அனைவருக்கும். அச்சுப்படியில் இப்படிப் போகிறது: பட்டை ஒட்டுவது நிறக்குறி, அடுக்குவது நிறவரிசை. மன்செல் அளவுகளுக்கு நிறம், வெளிர்மை, செறிவு. அலமாரியும் லாச்சியும் அப்படியே. வகை, நீளம், நிறம் என்று படிகளை மாற்றிவிட்டேன். இருநிறத் துணிக்குச் சொல் போடாமல் விளக்கமாகவே எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், 'செறிவு' நீங்கலாக. உப்புக் கரைசலுக்கும் செறிவு, செய்யுள் குணத்துக்கும் செறிவு, இப்போது நிறத்துக்குமா? கெழுமைக்கு வேரான கெழுவை உரியியலே நிறம் என்கிறது. அடிக்குறிப்பிலாவது ஒருமுறை வரட்டும்.

தச்சர்:

அடிக்குறிப்பில் இடம் இருந்தால், தட்டு நீளம் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நடுவில் தாங்கல் வேண்டும் என்பதையும் போடுங்கள். மடித்த துணியின் பாரத்தில் பலகை தொய்ந்தால் முன்விளிம்பில் ஒட்டிய நிறப்பட்டை பிய்ந்துவிடும்.