மறு: ஹெட்ரூம் – ‘தலையிடம்’ வேண்டாம், ‘மூச்சிருப்பு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஹெட்ரூம் (headroom) என்பது, பாட்டு வழக்கமாக ஓடும் அளவுக்கு மேல் திடீரென எழும் அடிகளைத் தாங்க ஆம்ப்ளிபையர் கைவசம் வைத்திருக்கும் திறன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘தலையிடம்’ சுருக்கமாக இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ‘உபரித்திறன்’ என்று வைத்துவிடலாம்.

ஐயா, இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. தலையிடம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “நிலைப்படி உயரமா?” என்று கேட்டார். உபரி என்பது தேவை போக மிஞ்சுவது. நாம் பெயர் தேடுவதோ தேவைக்கென்றே பிடித்து வைத்திருப்பதற்கு.

திருநகரில் எங்கள் வீட்டில் 15 வாட் பெருக்கி ஒன்று இருந்தது. (ஸ்பீக்கருக்கு ‘ஒலிபெருக்கி’ என்ற பெயர் ஊரெங்கும் நிலைத்துவிட்டதால் ஆம்ப்ளிபையரைப் பெருக்கி என்றே எழுதுகிறேன்.) வீணையோ தனிக்குரலோ அதில் குறையே இல்லாமல் கேட்கும். மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்தைப் போட்டால்தான் சிக்கல். தவில்காரர் கூடு மாட்டிய விரல்களால் வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத் தோலில்) ஓங்கி அடிக்கிற அந்த நொடியில் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கூடவே நாகஸ்வரமும் கம்மிப்போகும். நண்பரின் 60 வாட் பெருக்கியை அதே ஸ்பீக்கர்களில் மாட்டினோம். ஒலியளவைக் கூட்டவே இல்லை. அடி அடியாகவே விழுந்தது, நாகஸ்வரம் அசையாமல் நின்றது.

15 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் இடையில், ஒலியின் ஏற்றத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், 6 டெசிபல்தான். ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த 6தான். சராசரியாக 1 வாட்டில் ஓடும் இசையில் ஓர் அடி 10 டெசிபல் எழும்பினால் அந்தக் கணத்துக்கு 10 வாட் வேண்டும். 20 டெசிபல் எழும்பினால் 100 வாட். அது கையில் இல்லாதபோது அலையின் முகடு மழுங்கி வெட்டுப்படுகிறது. நாம் கேட்ட கிழிசல் அதுதான். ஆகவே பெருக்கி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தான் கேட்கும் பாட்டு எவ்வளவு எழும்பும் என்பதை. அட்டைப்பெட்டியில் பெரிதுபடுத்திப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. (PMPO) என்ற உச்சத்திறன் எண்ணை நம்பவே வேண்டாம். இன்னொன்று: 3 டெசிபல் கூடுதல் உணர்திறன் உள்ள, அதாவது அதே வாட்டுக்கு அவ்வளவு கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கர் வாங்கினால் பெருக்கியின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நாகஸ்வரக்காரர் மேல்ஸ்தாயிக்குப் போகும்முன் மூச்சைச் சேர்த்து வைத்திருப்பார். அந்தச் சேமிப்புதான் இது. அதனால் ‘மூச்சிருப்பு’ என்கிறேன். கையிருப்பு என்று குழம்பவும் வழியில்லை. அளவோடும் சேர்கிறது: “மூச்சிருப்பு 6 டெசிபல்.” தொடர்ந்து 50 வாட் தரும் பெருக்கி, ஒரு சில மில்லி நொடிக்கு மட்டும் 100 வாட் தருமென்றால் அதைக் ‘கணநேர மூச்சிருப்பு 3 டெசிபல்’ எனலாம்.

இயந்திரத்துக்கு ஏது மூச்சு என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மோட்டார் திணறுகிறது, வண்டி இழுக்கிறது என்று தினமும் சொல்கிறோமே, அந்த வழியில்தான் இதுவும் வருகிறது.

சனிக்கிழமை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் சொல்லிப் பார்த்தேன்: “இந்த செட்டுக்கு மூச்சிருப்பு எவ்வளவு?” கடைத்தம்பி ஒரு நொடி யோசித்தார்.

“தவில் அடிச்சா தம் கட்டுமான்னுதானேண்ணே கேக்குறீங்க? இது கட்டும். அந்தச் சின்னது கட்டாது.”

நம் கலைச்சொல் பட்டியலில் ‘மூச்சிருப்பை’ச் சேர்க்கலாமா? முகடு வெட்டுப்படுவதற்கு ‘முகடுவெட்டு’ போதுமா என்பதையும் சொல்லுங்கள்.